ரத்தம் யார் வாயில்? – நற்கருணைப் புதுமைகளும் சாட்சி சொல்லும் அதிகாரமும்

1

'பல்லு படக்கூடாதுடா. பட்டா ரத்தம் வந்துரும்.' புதுநன்மை வாங்கப் போன அன்றைக்கு அப்பாயி என் காதில் சொன்னது இது. உபதேசியாரிடம் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த ஜெபங்களில் பாதி மறந்துபோயிற்று. இந்த ஒரு வரி மறக்கவில்லை. அப்பம் கரைகிற வரைக்கும் வாயை அசைக்காமல் முழங்காலில் இருந்தேன். ரத்தம் வந்துவிடுமோ என்று பயம். வராமலே போய்விடுமோ என்று அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயம்.

அதே அப்பாயி இன்னொன்றும் சொல்வாள். அவள் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் கடைசியில்தான் நன்மை வாங்கப் போக வேண்டும். முன்வரிசைக்காரர்கள் வாங்கி முடித்துத் திரும்பி உட்கார்ந்த பிறகு. இதைப் புகாராகச் சொல்லமாட்டாள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற தொனியில் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பாள். அப்பத்தைக் கடித்தால் கடவுளின் ரத்தம் வரும் என்ற நம்பிக்கையும், அந்தக் கடவுளை யாருக்குப் பின்னால் யார் வாங்குவது என்ற ஒழுங்கும் ஒரே வாயிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் என்ன உறவு என்று யோசிக்க ஆரம்பித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் அற்புதத்தைப் 'புதுமை' என்பார்கள். மாதா செய்த புதுமை, அந்தோணியார் செய்த புதுமை. நம் இலக்கியக்காரர்கள் புதுமை என்றால் நவீனத்துவம் என்று புரிந்துகொள்கிறோம். அவர்களுக்கோ இயற்கையின் ஒழுங்கில் விழுந்த ஓட்டை. அப்பம் ரத்தம் கசிவது, தசையாக மாறுவது, அதில் குழந்தை முகம் தெரிவது ஆகியவை நற்கருணைப் புதுமைகள். இவற்றைப் பற்றி இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. நிஜமாகவே ரத்தம் வந்ததா என்று பக்தன் கேட்கிறான். பகுத்தறிவாளனும் அதையேதான் கேட்கிறான்.

பகுத்தறிவுக்கு இங்கே நல்ல ஆயுதம் உண்டு. 1819இல் இத்தாலியில் பதுவா நகருக்குப் பக்கத்து லெஞ்ஞாரோ கிராமத்தில் சோளக்கூழ் ரத்தச் சிவப்பாக மாறியது. ஊரே பிசாசு என்று அலறியபோது பர்த்தலோமியோ பிட்சியோ என்ற மருந்தியல் அறிஞர் அது ஒரு நுண்ணுயிரின் வேலை என்று நிரூபித்தார். செரேஷியா என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஈரமான மாவுப்பண்டத்தில் வளர்ந்து சிவப்புச் சாயம் கக்கும் பாக்டீரியா. பழைய அப்பங்களில் தெரிந்த ரத்தப்புள்ளிகள் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். சரி, அதோடு விஷயம் முடிந்துவிட்டதா? பாக்டீரியா எல்லார் வீட்டு மாவிலும் வளர்கிறது. ஆனால் சில சிவப்புகளுக்குப் பேராலயம் எழும்புகிறது, சிலவற்றுக்குத் தடையுத்தரவு வருகிறது, சிலவற்றின் பேரால் மனிதர்களைக் கொளுத்துகிறார்கள். இந்த வித்தியாசத்தை நுண்ணோக்கி காட்டாது. ரத்தம் வந்தது என்று யார் சொன்னார்கள், யார் சொன்னது கேட்கப்பட்டது என்பதே என் கேள்வி.

2

1215ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் எழுபதுக்கும் மேற்பட்ட விதிகளைப் பிறப்பித்தது. அவற்றில் மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். முதல் விதி: பலிபீடத்தில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் ரத்தமாகவும் பொருள்மாற்றம் அடைகின்றன, முறைப்படி குருப்பட்டம் பெற்றவரைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்யமுடியாது. இருபத்தொன்றாம் விதி: விவரம் தெரிந்த ஒவ்வொரு கத்தோலிக்கரும் வருடத்துக்கு ஒருமுறையாவது சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கு காலத்தில் நன்மை வாங்கவேண்டும். அறுபத்தெட்டாம் விதி: யூதர்களும் முஸ்லிம்களும் அடையாளம் தெரியும்படி வேறுவிதமாக உடுத்தவேண்டும்.

கடவுளின் உடலை யார் உண்டாக்கலாம், அதை எந்த நிபந்தனையில் வாங்கலாம், அதற்கு வெளியே நிற்பது யார் என்று மூன்று கோடுகளை ஒரே சங்கம் போட்டுவிட்டது. உடல்களை வகைப்படுத்துவதில்தான் அதிகாரம் வேலை செய்கிறது என்று ஃபூக்கோ நமக்குச் சொல்லித் தந்தார். இங்கே வகைப்படுத்தலின் மையத்தில் இருக்கும் உடல் கண்ணுக்குத் தெரியாதது. அதுதான் இதன் பலம்.

பொருள்மாற்றம் என்பதன் கணக்கு இது: அப்பத்தின் நிறம், மணம், ருசி எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் பொருண்மை மட்டும் மாறிவிடும். ஆக, மாற்றம் நடந்ததற்குக் கண் சாட்சி சொல்லமுடியாது. குருவின் வார்த்தைதான் சாட்சி. தாமஸ் அக்குவினாஸ் இதில் கறாரான ஆள். அப்பத்தில் தசையோ குழந்தையோ தெரிந்தால் என்ன சொல்வது என்று தன் இறையியல் தொகுப்பில் தனியாக ஒரு வினாவே எழுப்பிக்கொள்கிறார். கிறிஸ்துவின் சொந்த உருவத்தையே அப்படிப் பார்த்துவிட்டதாக ஆகாது; அவர் அங்கே உண்மையாக இருக்கிறார் என்று காட்டுவதற்காக நிகழ்த்தப்படும் தோற்றம் அது என்பது அவர் முடிவு. இறையியலுக்குப் புதுமை தேவைப்படவில்லை. சொல்லப்போனால் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் அதற்குத் தர்மசங்கடம்.

பிறகு ரத்தம் ஏன் வந்தது? பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ரசக் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண மக்களின் கையிலிருந்து விலகி குருக்களுக்கு மட்டும் என்றாயிற்று. அப்பத்துக்குள்ளேயே ரத்தமும் அடங்கியிருக்கிறது, தனியாகக் குடிக்கவேண்டிய அவசியமில்லை என்று விளக்கம் தரப்பட்டது. 1415 ஜூனில் கான்ஸ்டன்ஸ் சங்கம் இந்த வழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கியது. அடுத்த மாதம் அதே சங்கம் யான் ஹுஸைக் கொளுத்தியது. அவரைப் பின்பற்றிய பொஹீமிய மக்கள் தங்கள் போராட்டத்தின் சின்னமாகத் தேர்ந்துகொண்டது ரசக் கிண்ணத்தை. எல்லாருக்கும் கிண்ணம் என்பதே முழக்கம். கரோலின் வாக்கர் பைனம் மத்தியகால ரத்தபக்தியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு இது உறைத்தது. ரத்தத்தைக் குடிக்கக் கிடைக்காத ஜனங்களுக்கு அது அப்பத்திலிருந்து கசிய ஆரம்பித்தது. மறுக்கப்பட்ட பங்கு வேறு வழியில் திரும்பி வந்தது.

3

யூலியானா என்ற பெண்ணிடமிருந்து தொடங்குவோம். 1190களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் பக்கத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, தொழுநோயாளர் இல்லத்தோடு சேர்ந்த மடம் ஒன்றில் வளர்ந்தவள். இளவயதிலிருந்தே அவளுக்கு ஒரு காட்சி வந்துகொண்டிருந்தது: முழுநிலா, அதில் ஒரு கறை. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டில் நற்கருணைக்கென ஒரு திருநாள் இல்லை, அந்தக் குறைதான் கறை என்று அவள் பொருள் கண்டாள். வருடக்கணக்கில் வெளியே சொல்லவில்லை. பிறகு தோழிகளுக்கும் சில குருக்களுக்கும் சொன்னாள். 1246இல் லியேஜ் ஆயர் தன் மறைமாவட்டத்துக்கு அந்தத் திருநாளை அறிவித்தார். ஆயர் இறந்ததும் மடத்து அரசியலில் யூலியானா துரத்தப்பட்டு, இடம் மாறி மாறி அலைந்து, 1258இல் சொந்த மடத்துக்குத் திரும்பாமலே செத்தாள்.

அவள் காலத்தில் லியேஜில் பணியாற்றிய ஒரு குரு பின்னால் நான்காம் உர்பான் என்ற பெயரில் பாப்பரசர் ஆனார். 1264இல் அவர்தான் நற்கருணைத் திருநாளை உலகத் திருச்சபைக்கே ஆக்கியவர். அந்த ஆணையில் யூலியானா பெயர் இல்லை. கத்தோலிக்கர் சிலருக்கு இது வெளிப்படுத்தப்பட்டதாக, தான் சிறிய பதவியில் இருந்தபோது கேள்விப்பட்டதாக மட்டும் எழுதுகிறார். யூலியானாவின் தோழி ஈவாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டார். கடிதத்தில் நன்றி, ஆணையில் 'சிலர்'.

இப்போது மக்கள் நினைவில் இந்தத் திருநாளின் தோற்றக் கதை என்னவென்று பாருங்கள். 1263இல் பொருள்மாற்றத்தில் சந்தேகம் கொண்ட ஒரு வெளிநாட்டுக் குரு ரோமைக்குப் போகும் வழியில் போல்சேனாவில் பூசை வைக்கிறார். எழுந்தேற்றத்தின்போது அப்பத்திலிருந்து ரத்தம் வழிந்து பீடத்துணியை நனைக்கிறது. பக்கத்து ஒர்வியேத்தோவில் இருந்த உர்பானிடம் ஓடுகிறார். பாப்பரசர் உடனே திருநாளை அறிவிக்கிறார். அழகான கதை. ஆனால் உர்பானின் ஆணையில் போல்சேனா பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் கதைக்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான தடயங்கள் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தத் துணிக்காக உகோலீனோ தி வியேரி செய்த பொற்பேழை 1337–38ஐச் சேர்ந்தது. 1512இல் ராஃபேல் வத்திக்கான் சுவரில் இதை வரைந்தபோது, நிகழ்ச்சிக்கு இரண்டரை நூற்றாண்டு பிந்திய இரண்டாம் ஜூலியஸ் பாப்பரசரைப் பீடத்துக்கு எதிரில் முழங்காலிட வைத்தார்.

இடம் மாற்றம் கச்சிதமாக நடந்திருக்கிறது. ஒரு பெண்ணின் பல வருடப் பிடிவாதம் இருந்த இடத்தில் ஒரு குருவின் ஒரு நாள் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. குருவின் சந்தேகத்துக்கு ரத்தம் பதிலாக வரும். அவர் சந்தேகப்பட்டதற்காக யாரும் அவரைக் கொளுத்தவில்லை.

4

அதே சந்தேகத்தைத் திருச்சபைக்கு வெளியே நின்றவன் மீது சுமத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1290இன் பாரிஸ் சாட்சி. ஒரு யூதன் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியிடம், அடகு வைத்த துணியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, பாஸ்கு நன்மை அப்பத்தைக் கொண்டுவரச் செய்தான், கத்தியால் குத்தினான், கொதிக்கும் நீரில் போட்டான், அப்பம் ரத்தம் பெருக்கியது என்பது குற்றச்சாட்டு. அவனை எரித்தார்கள். அவன் வீடு இருந்த இடத்தில் சிற்றாலயம் எழுந்தது.

இந்தக் கதை ஒரு அச்சு. மிரி ரூபின் தன் ஆய்வில் காட்டியதுபோல ஊருக்கு ஊர் ஒரே வரிசைதான்: ஏழைப் பெண் அல்லது திருடன் வழியாக அப்பம் யூதன் கைக்குப் போகும், யூதன் சோதிப்பான், ரத்தம் வரும், தண்டனை நடக்கும், கோயில் எழும். 1298இல் ஜெர்மனியின் ரோட்டிங்கனில் கிளம்பிய இதே குற்றச்சாட்டைத் தூக்கிக்கொண்டு ரின்ட்ஃபிளைஷ் என்பவன் தலைமையில் போன கும்பல் நூற்றுக்கும் மேற்பட்ட யூதக் குடியிருப்புகளை அழித்தது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பவேரியாவின் டெகன்டார்ஃபில் 1338இல் யூதர்களைக் கொன்றார்கள். அவர்களிடம் ஊரார் பட்ட கடன்கள் அதோடு ரத்தாயின. அப்பத்தை அவமதித்த கதை அங்கே கொலைக்குப் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கதையின் பேரால் யாத்திரை வருஷாவருஷம் நடந்தது. எப்போது நிறுத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1992இல். அவுஷ்விட்ஸுக்குப் பிறகும் நாற்பத்தேழு வருஷம்.

குருவுக்கு வந்த அதே ரத்தம்தான் யூதனுக்கும் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே ஆறுதல், இங்கே தீர்ப்பு. இரண்டு கதையிலும் அப்பம் பேசுகிறது. அது யாருக்காகப் பேசுகிறது என்பதை எழுதுகிற கை முடிவு செய்கிறது. திருச்சபைக்குள்ளேயே இதைக் கண்டு கூசியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வில்ஸ்நாக் என்ற ஊரில் 1383இல் எரிந்துபோன கோயிலின் சாம்பலுக்குள் ரத்தப்புள்ளியோடு மூன்று அப்பங்கள் கிடைத்ததாகச் சொல்லி யாத்திரை பெருகியபோது யான் ஹுஸ் அதைக் கண்டித்து எழுதினார். 1451இல் கர்தினால் நிக்கோலாஸ் குசானுஸ் ரத்த அப்பங்களைக் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். யாத்திரை என்னவோ நிற்கவில்லை.

5

அறுநூறு வருடம் தாண்டி, கடலும் தாண்டி பிரேசிலுக்குப் போகிறேன். காரணம், அங்கே ரத்தம் முதல்முறையாக ஒரு கறுப்பு ஏழைப் பெண்ணின் வாயில் வந்தது. திருச்சபை தன் சொந்தப் புதுமையைக் கண்டு பயந்துபோன இடம் அது.

வடகிழக்கு பிரேசிலின் சியரா மாகாணம் வறட்சி பூமி. 1877–79 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பிரதேசம். அடிமைமுறை பிரேசில் முழுக்க ஒழிந்தது 1888இல்தான். அடுத்த வருஷம், மறுபடி மழை பொய்த்துக்கொண்டிருந்த நேரம், 1889 மார்ச் 1, மாதத்தின் முதல் வெள்ளி. ஜுவசேய்ரோ என்ற குக்கிராமத்தின் வியாகுல மாதா சிற்றாலயத்தில் இரவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சிசரோ சாமியார் நன்மை கொடுத்தார். மரியா தி அரவுஜோ என்பவளின் நாக்கில் வைத்த அப்பம் ரத்தமாயிற்று. துணியில் வழிந்தது. தொடர்ந்து பல வாரங்கள் இது நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள், கல்யாணம் ஆகாதவள், கைவேலை செய்து பிழைத்தவள், முப்பது வயது ஆகாதவள்.

ஜூலையில் பக்கத்து கிராட்டோ நகரின் குருமட அதிபரே மூவாயிரம் பேரோடு யாத்திரை வந்து, ரத்தக்கறைத் துணிகளைத் தூக்கிக் காட்டி, இது கிறிஸ்துவின் ரத்தம் என்று பிரசங்கம் செய்தார். பஞ்சத்தில் அடிபட்ட ஜனம் திரண்டது. ஆயருக்குக் கவலை வந்தது. 1891இல் அவர் அனுப்பிய இரண்டு குருக்கள் விசாரித்தார்கள். மருத்துவர்கள் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இயற்கையான காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக் குழுவும் புதுமைதான் என்று சொல்லிவிட்டது. ஆயர் ஏற்கவில்லை. 1892இல் இரண்டாவது விசாரணை. மரியாவைக் கிராட்டோவில் வைத்து நன்மை கொடுத்தார்கள். ரத்தம் வரவில்லை. 1894இல் ரோமையின் திருவிசாரணை மன்றம் தீர்ப்பு எழுதியது: இவை புதுமையல்ல, நற்கருணைக்குச் செய்த அவமரியாதை, யாத்திரை கூடாது, ஆதரித்துப் பேசக்கூடாது, துணிகளைக் கொளுத்தவேண்டும்.

'அவமரியாதை' என்ற அந்தக் குற்றப்பெயரைக் கவனியுங்கள். பாரிஸ் யூதன் மீது விழுந்த அதே குற்றம். போல்சேனாவில் ஒரு நேரடிச் சாட்சியப் பதிவும் கேட்காத திருச்சபை இங்கே மருத்துவச் சான்றிதழையே தள்ளிவைக்கிறது. திடீரென்று திருச்சபைக்கு அறிவியல் மனப்பான்மை வந்துவிட்டது என்றால் சந்தோஷப்படலாம். விஷயம் அதுவல்ல. 1870இல் பாப்பரசரின் தவறாவரம் பிரகடனமான பிறகு, பிரேசில் நாட்டார் பக்தியை ரோமை மாதிரிக்குத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பிய ஒழுங்கில் பயின்ற குருக்களுக்கு வறட்சிக்காட்டில் ஒரு கறுப்புப் பெண்ணின் வாய் தகுதியான பீடமாகத் தெரியவில்லை. நம் ஆண்டவர் ஐரோப்பாவை விட்டு பிரேசிலுக்கு வந்தா புதுமை செய்யப்போகிறார் என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுக் குருமட அதிபர் சொன்னதாகக்கூட, இந்த இயக்கத்தைப் பற்றி 1970இல் நூல் எழுதிய ரால்ஃப் டெல்லா காவா குறிப்பிடுகிறார்.

ரத்தம் எதனால் வந்தது? எனக்கு அதில் கருத்து இல்லை. நோயாக இருக்கலாம், ஏமாற்று என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் இரண்டு தரப்பின் ஆவணங்களையும் தாண்டி ஒன்று நிற்கிறது. மரியா கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், அந்தப் பதில்களைக் குருக்கள் எழுதியிருக்கிறார்கள். அவள் வாயைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவள் வாயிலிருந்து வந்த பேச்சு மட்டும் எப்போதும் இன்னொருவர் கையெழுத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது.

அதன்பின் நடந்ததைக் கொண்டாடிவிடவும் முடியாது. பூசை வைக்கும் உரிமையை இழந்த சிசரோ சாமியார் அரசியலுக்கு வந்தார். 1911இல் ஜுவசேய்ரோவின் முதல் மேயர். நிலப்பிரபுக்களோடு கூட்டு, 1914இல் மாகாண ஆட்சியையே கவிழ்த்த ஆயுதக் கலகத்தில் அவர் ஊர் மையம். ஏழைகளின் சாமியார், பெரிய நிலவுடைமையாளரும்கூட. அதே நிலத்தில் ஒரு துண்டில்தான் ஜோசே லொரென்சோ என்ற கறுப்புத் துறவி கல்டெய்ரோ என்னும் பொதுவுடைமைக் குடியிருப்பை நடத்தினார். சாமியார் 1934இல் இறந்ததும், 1936–37இல் அரசு படையனுப்பி அதை அழித்தது. நாட்டார் பக்தி தானாகவே விடுதலை ஆகிவிடும் என்று நம்முடைய நண்பர்கள் சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

இன்று ஜுவசேய்ரோ பெரிய நகரம். மலைமேல் சாமியாருக்கு 27 மீட்டர் சிலை, 1969இல் எழுப்பியது. 2015இல் வத்திக்கான் சமரசக் கடிதம் அனுப்பியது. 2022இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் தருவதற்கான விசாரணைக்கே அனுமதி கிடைத்தது. அவரைப் புதைத்த அதே சகாயமாதா சிற்றாலயத்தில்தான் 1914இல் மரியாவையும் புதைத்திருந்தார்கள். 1930இல் அவள் கல்லறையை உடைத்து எலும்புகளை அகற்றிவிட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாத்ரீகர்கள் கும்பிட சாமியாருக்குக் கல்லறை இருக்கிறது. ரத்தம் யார் வாயில் வந்ததோ அவளுக்கு இல்லை.

6

நற்கருணைப் புதுமைகள் விசுவாசத்தை வளர்ப்பவை என்று மறைக்கல்வி சொல்லும். மூடநம்பிக்கையை வளர்ப்பவை என்று நம் மேடைகள் சொல்லும். நான் பார்த்த வரலாற்றில் அவை வேறொன்றைச் செய்திருக்கின்றன. பங்கு கிடைக்காதவர்களின் பசியை வெளியே கொண்டுவந்திருக்கின்றன. உடனே அந்தப் பசியை யாருடைய கணக்கில் எழுதுவது என்ற சண்டையும் தொடங்கியிருக்கிறது. யூலியானாவின் கணக்கு குருவுக்குப் போயிற்று. மரியாவின் கணக்கு சாமியாருக்குப் போயிற்று. ஊராரின் கடன் யூதனின் உயிரில் தீர்க்கப்பட்டது.

2024 மே மாதம் வத்திக்கான் இத்தகைய நிகழ்வுகளுக்குப் புதிய விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. இனி வழக்கமாக 'இது இயற்கைக்கு மேற்பட்டது' என்று தீர்ப்பு சொல்லமாட்டார்கள். பக்திக்குத் தடையில்லை என்கிற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். நிதானமான முடிவுதான். ஆனால் சாட்சியை எடைபோடும் தராசு யார் கையில் என்ற கேள்வி அதே இடத்தில்தான் இருக்கிறது.

அப்பாயி செத்துப் பல வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் அவளுக்கு வீட்டுக்கே வந்து நன்மை கொடுத்தார்கள். பல் ஒன்றுகூட இல்லை. கடித்துவிடும் பயமும் இல்லை. வாழ்நாளில் அன்றுதான் யாருக்கும் பின்னால் நிற்காமல் வாங்கினாள். ரத்தம் வரவில்லை. எங்கள் தெருவுக்கு அது போதுமான புதுமை என்று நான் எழுதினால் இறையியல் படித்த நண்பர்கள் கோபிப்பார்கள், கட்சித் தோழர்கள் சிரிப்பார்கள். இரண்டு பேரும் வரிசை ஏன் அப்படி இருந்தது என்று மட்டும் பதில் சொல்லட்டும்.